நாலாம் மாடிக்குக் கொண்டுபோன தட்டம்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று செயலாளர் கேட்டார். இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வந்த கதையை எழுதச் சொன்னார். அந்தக் கதையை முந்திய மலர்களில் எல்லோரும் எழுதியாயிற்று. எல்லோரும் ஒரே குளிரில் நடுங்கியவர்கள், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதிக்காக ஒரே கொஸ்தூரா பொலிஸ் வாசலில் நின்றவர்கள், ஒரே மாதிரியான வீட்டுக்காரச் சினியோராவிடம் ஏச்சு வாங்கியவர்கள். ஆகவே நான் அமெரிக்காவைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன்.

"அண்ணை, நீங்கள் எப்ப அமெரிக்காவுக்குப் போனனீங்கள்?" என்று கேட்டார்.

"நான் போகேல்லை, தம்பி. அது இஞ்சை வந்தது."

அவர் சிரித்தார். நான் பகிடியாகச் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில் இருந்த ஒரு ஹோட்டலின் குசினியில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அமெரிக்காவில் நடந்த பெரிய சம்பவங்கள் எல்லாம் எனக்கு அந்தக் குசினியில் வைத்துத்தான் தெரியவந்தன. குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் உதைபந்தாட்டம் பார்க்கவென்று வைத்திருந்த சின்னத் தொலைக்காட்சியில் கொஞ்சம் தெரிந்தது. மிச்சம் சாப்பிட வந்தவர்களின் முகத்தில் தெரிந்தது.

அந்த ஹோட்டல் இப்போது இல்லை. போன வருஷம் விற்றுவிட்டார்கள், நானும் ஓய்வு பெற்றேன். வாங்கியவர்கள் அறை அறையாகப் பிரித்து நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வாசலில் இலக்கத்தை அமத்தினால் ஒரு பெட்டி திறந்து சாவி கிடைக்குமாம். வருகிறவரை "வாங்கோ" என்று சொல்ல ஆளில்லை. ஆனால் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு மின்னடுப்பு பூட்டியிருக்கிறார்களாம். அதைக் கேட்டவுடன் எனக்கு நியூயோர்க்கிலிருந்து வந்த சினியோரா ஆஞ்சலாவின் நினைவு வந்தது. அந்த நாளில் அவருடைய அறையில் அப்படியொரு அடுப்பு இருந்திருந்தால், எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திராது.

வேலை பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கோப்பை கழுவினேன். பிறகு வெங்காயம் உரித்தேன். பிறகு மீன் வெட்டினேன். பிறகு உதவிச் சமையற்காரன் ஆனேன். இத்தாலியனில் குசினிக்கு 'குச்சினா' என்று பெயர். நாங்கள் சொல்கிற சொல்லிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளியில்லை என்று முதல் நாளே தைரியம் வந்தது. மற்றச் சொற்கள் அவ்வளவு சுலபமாக வரவில்லை. குசினியில் எல்லோரும் பேசியது இந்தச் சிசிலித் தீவின் பாஷை, சிசிலியன். அதனால் நான் இத்தாலியனை ஒழுங்காகப் பழகாமலே சிசிலியன்காரனாகிவிட்டேன்.

எங்கள் ஷெஃப்பின் பெயர் சால்வோ. வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசியதை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் என் காதில் அது அப்படித்தான் விழும். சால்வோ ஒருநாளும் கத்தியதில்லை. யாராவது பிழை விட்டால் கையிலுள்ள மர அகப்பையால் மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஒரு தட்டுக்குக் குசினி முழுவதும் அசையாமல் நிற்கும். அவர் ருசி பார்ப்பது கரண்டியால் அல்ல, ஒரு துண்டுப் பாணைத் தோய்த்துத்தான். "சனம் பாணோடைதான் சாப்பிடும். கரண்டியோடை சாப்பிடுறவன் சமையற்காரன் மட்டும்தான்" என்பார்.

குசினி வாசலில் ஒரு வரிசைச் சிவப்பு ஓடு பதித்திருந்தது. வெள்ளை மேலங்கியோ அப்ரனோ இல்லாத எவரும் அந்தச் சிவப்பைத் தாண்டக்கூடாது. சுகாதாரச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் சால்வோவுக்கு அது சட்டத்துக்கு முந்திய விஷயம். முதலாளிகூட அந்தச் சிவப்பில் நின்றுதான் கதைத்துவிட்டுப் போவார்.

என் சொந்தக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மிச்சம் விளங்காது. நான் யாழ்ப்பாணத்தில் ஊரை விட்டு வருவதற்கு முன்பு, ஒரு காலை, என் தம்பி குமரன் மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனான். திரும்பி வரவில்லை. ஆமிக்காரர் சந்தியில் வைத்துப் பிடித்து லொறியில் ஏற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். அது வேறு பொடியன் என்று இன்னொருவர் சொன்னார். நாங்கள் முகாம் முகாமாக ஏறி இறங்கினோம். அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவேயில்லை என்றார்கள்.

சில நாள் கழித்து அயலட்டைச் சனம் சோறு கறி சமைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டு வருவார்கள். அவர்கள் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். அம்மா படலையிலேயே மறித்தார்.

"ஆருக்குக் கொண்டு வந்தனீங்கள்? இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை. கொண்டு போங்கோ."

பிறகு உள்ளே போய், மண்ணெண்ணெய் வராதபடியால் பன்னாடையும் சுள்ளியும் வைத்து விறகடுப்பை மூட்டி, தம்பிக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். அவனுக்கென்று ஒரு கோப்பையில் போட்டு மூடியும் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் அப்படித்தான். பின்னாளில் அம்மாவைப் பலேர்மோவுக்கு எடுப்பித்தேன். இங்கேயும் அந்தக் கோப்பை இருந்தது. பின்னேரம் அதை நான் சாப்பிடுவேன். இத்தனை வருஷம் இரண்டு பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டவன் என்பது என் வயிற்றைப் பார்த்தால் தெரியும்.

இனி 2001 செப்டம்பர். நாலாம் மாடியில் ஓர் அமெரிக்கத் தம்பதி தங்கியிருந்தது. மனைவி ஆஞ்சலா, கணவர் ஃப்ராங்க். ஆஞ்சலாவின் தாய் இங்கே பல்லரோ சந்தைத் தெருவில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி நியூயோர்க் போனவர். தாய் பிறந்த தெருவைப் பார்க்கத்தான் ஆஞ்சலா வந்திருந்தார். அவர் ஒழுங்கான இத்தாலியன் பேசமாட்டார். தாயிடம் கேட்ட பழைய சிசிலியன்தான் பேசுவார். அதனால் முதல் நாளே எனக்குப் பிடித்துப்போயிற்று. இத்தாலியன் தெரியாத இரண்டு பேர் இத்தாலியில் நன்றாகப் பேசிக்கொண்டோம்.

பதினோராம் தேதி மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாங்கள் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் ஒரு கட்டடம் புகைந்தது. படம் ஓடுகிறது என்று நினைத்து சால்வோ அலைவரிசையை மாற்றினார். அங்கேயும் அதே கட்டடம். அதற்குள் வரவேற்பறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. ஆஞ்சலாவின் மகன் மைக்கேல் அந்தக் கோபுரத்தில்தான் வேலை செய்தார். முதல் நாள் பின்னேரம்தான் தாயோடு தொலைபேசியில் கதைத்திருந்தார். கோபுரம் விழுந்தபோது நான் கழுவிய சட்டியோடு வரவேற்பறை வாசலில் நின்றேன். ஃப்ராங்க் மனைவியின் தோளைப் பிடித்தபடி இருந்தார்.

அமெரிக்காவுக்கு விமானம் நின்றுவிட்டது. தொலைபேசி எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, அங்கேயிருந்த அவர்களுடைய மகள் தன் தம்பி மைக்கேலின் படத்தோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திரிகிறாள் என்று தெரிந்தது. எங்கேயும் அவர் இல்லை. ஆஞ்சலாவும் ஃப்ராங்கும் அறையை விட்டு இறங்கவில்லை. மேலே அனுப்பிய சாப்பாடு தொடப்படாமல் திரும்பி வந்தது. படத்தோடு திரிவது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் கை வைத்த எந்தக் கறிக்கும் உப்புச் சரியாக வரவில்லை.

மூன்றாம் நாள் காலை சால்வோ பல்லரோவுக்குத் தானே போய் ஒரு முதிர்ந்த கோழி வாங்கி வந்தார். கழுவிப் பெரிய பானையில் போட்டுப் பச்சைத்தண்ணீர் விட்டார். கோழி ரசத்துக்குச் சுடுதண்ணீர் விடவே மாட்டார். வெங்காயம், செலறி, கரட் எல்லாம் முழுதாகப் போட்டு, நெருப்பைக் குறைத்து, நுரையைத் துளைக்கரண்டியால் அள்ளி அள்ளி எடுத்தார். "தண்ணி கதைக்கோணும், கத்தக்கூடாது" என்பது அவருடைய சொல். உப்புக் கடைசியில்தான். இடையில் ஐந்தாறு முட்டை அவித்தார். நல்ல பாண் ஒன்றைத் துணியில் சுற்றினார். எல்லாவற்றையும் ஒரு தட்டத்தில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சிசிலியிலும் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு இங்கே 'கூன்சுலு' என்று பெயர். கோழி ரசம், அவித்த முட்டை, பாண், மேலே வெள்ளைத் துணி.

"ஷெஃப், இது வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"இன்னும் ஒண்டும் தெரியாது."

"மூண்டு நாளாச்சு. டீவீயிலை பாத்தனி தானே. அதுக்குள்ளை ஆர் மிச்சம்? அவை எங்கடை ஹோட்டலிலை இருக்கினம். நாங்கள்தான் அயல். நாங்கள் கொண்டு போகாட்டி ஆர் கொண்டு போறது?" பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ கொண்டு போ. உன்ரை வீட்டிலையும் நடந்திருக்கு. உனக்குத்தான் இதின்ரை அருமை தெரியும்."

"என்ரை வீட்டிலை ஒண்டும் நடக்கேல்லை, ஷெஃப்."

அவர் என்னைப் பார்த்தார். தட்டத்தை எடுத்து என் கையில் தந்தார். ஷெஃப் தந்ததை நான் வாங்கினேன். குசினியில் அப்படித்தான்.

நாலாம் மாடியில் ஃப்ராங்க் கதவைத் திறந்தார். ஆஞ்சலா தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் தட்டத்தைச் சின்ன மேசையில் வைத்தேன். "ஷெஃப் அனுப்பினவர்" என்று மட்டும் சொன்னேன். ஃப்ராங்குக்கு அது வெறும் சாப்பாடு. அவருடைய ஆட்கள் வேறு நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள். ஆஞ்சலா எழும்பி வந்து துணியைத் தூக்கினார். ரசத்தைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். துணியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"கூ முரியு?" என்றார். யார் செத்தது என்று தாயின் பாஷையில் கேட்டார்.

நியூயோர்க்கில் அவர் பிறந்து வளர்ந்த சிசிலிக்காரர் தெருவிலும் செத்தவீடுகளுக்கு இந்தத் தட்டம்தான் போயிருக்கிறது. அவரே சிறுமியாகத் தாயோடு தூக்கிக்கொண்டு போயிருப்பார். கீழேயுள்ள ஆட்கள் எல்லோரும் கூடித் தன் மகனைச் சாகடித்துவிட்டார்கள் என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. துணியைப் பழையபடி ஒழுங்காக மூடினார்.

"நல்ல மனசோடை செய்ததெண்டு தெரியுது. ஆனால் கொண்டு போ. என்ரை பிள்ளை சாகேல்லை."

தட்டத்தைத் தூக்கினேன். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. என் அம்மாவும் இப்படித்தான் திருப்பி அனுப்பினவ என்று சொன்னேன். தம்பி கடைக்குப் போனதை, அயலட்டை வந்ததை, படலையில் மறித்ததை, பன்னாடை வைத்து மூட்டிய அடுப்பை எல்லாம் என் குசினிச் சிசிலியனில் சொன்னேன்.

"தம்பி எங்கை?" என்று கேட்டார்.

"தெரியாது, சினியோரா."

"இப்பவும் தெரியாதோ?"

"இப்பவும் தெரியாது."

ஆஞ்சலா குளியலறைக்குள் போனார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "மைக்கேலுக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் பொரிச்சுக் குடுத்தால் போதும், வேறை ஒண்டும் கேக்கான்" என்றார். "உங்கடை அடுப்பு எங்கை இருக்கு?"

நான் தட்டத்தோடு முன்னால், அவர் எனக்குப் பின்னால், ஃப்ராங்க் அவருக்குப் பின்னால். இப்படி ஓர் ஊர்வலமாகக் கீழே இறங்கினோம். ஆஞ்சலா அந்தச் சிவப்பு ஓட்டுக்கு வெளியிலேயே நின்றார். அது என்ன கோடு என்று அவருக்குத் தெரியாது, ஆனால் நின்றார். நான் உள்ளே போய்த் தட்டத்தை மேசையில் வைத்தேன். துணி கலையாமல் இருந்ததைக் கண்டவுடனே சால்வோவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஷெஃப், அவ சமைக்கோணுமாம்" என்றேன். "மகனுக்கு."

கையில் அகப்பை இருந்தது. அது மேசையில் விழப்போகிறது என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். சால்வோ அகப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். ஆணியில் தொங்கிய தன்னுடைய மாற்று அப்ரனை எடுத்து, வாசலுக்குப் போய், ஆஞ்சலாவின் கழுத்தில் தானே மாட்டிவிட்டார்.

"எந்த அடுப்பு வேணும், சினியோரா?" என்று கேட்டார்.

ஆஞ்சலா உருளைக்கிழங்கு சீவினார். உள்ளிப்பூண்டை நசுக்கி எண்ணெயில் போட்டவர் எங்கேயோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டார், உள்ளி கறுக்கத் தொடங்கியது. உள்ளியைக் கறுக்கவிட்ட ஒருவனைச் சால்வோ ஒருமுறை ஒரு கிழமை முழுவதும் மீன் செதில் எடுக்க விட்டவர். இப்போது அவர் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, அதற்குள் எதையோ வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார். இடையில் முதலாளி வந்தார். அமெரிக்க விருந்தாளி ஒருவர் தன் குசினியில் முட்டை அடிப்பதைப் பார்த்தார். சிவப்பு ஓட்டில் நின்று வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார்.

ஆஞ்சலா மூன்று கோப்பை போட்டார். தனக்கு, கணவருக்கு, மகனுக்கு. நாங்கள் சாப்பிடும் மேசையின் ஒரு பக்கத்தைச் சால்வோ துடைத்து, மூன்றாவது கோப்பைக்குப் பக்கத்தில் முள்ளும் நாப்கினும் வைன் கிளாசும் சாப்பாட்டு மண்டபத்தில் வைப்பதுபோல வைத்தார். அவர்கள் இரண்டு பேரும் மூன்று நாளுக்குப் பிறகு சாப்பிட்டார்கள். மூன்றாவது கோப்பையை ஆஞ்சலா என் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு. அவனுக்கும், உன்ரை தம்பிக்கும்."

சாப்பிட்டேன். உள்ளி கசந்தது. அவ்வளவு ருசியாக ஒன்றை அந்தக் குசினியில் நான் சாப்பிட்டதில்லை. அதற்கிடையில் சால்வோ கோழி ரசத்தைக் கழுவுகிற தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மீன்தலை அவித்த தண்ணீரைக்கூட வீணாக்காத மனிதர் அவர்.

விமானம் தொடங்கும்வரை ஆஞ்சலா தினமும் மத்தியானம் வந்து சமைத்தார். புறப்படுகிற அன்று அப்ரனை மடித்து சால்வோவிடம் கொடுத்தார். "அந்தத் தட்டம் இருக்கட்டும். வேணுமெண்டால் நானே கேக்கிறன்" என்றார். சால்வோ தலையை ஆட்டினார்.

பிறகு வந்தவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். ஈராக் யுத்தத்துக்கு முன்பு பலேர்மோவின் பல்கணிகளில் வானவில் நிறச் சமாதானக் கொடிகள் தொங்கின. அந்த வருஷம் எங்கள் ஹோட்டலுக்கு வந்த அமெரிக்கர்கள் சிலர், கேளாமலே தாங்கள் கனடாக்காரர் என்று சொல்லிக்கொண்டார்கள். பின்னர் அங்கே வங்கிகள் விழுந்தபோது இங்கே எங்கள் மேசைகள் வெறுமையாகின. வேலையாட்களைக் குறைக்க வந்த முதலாளியிடம், என்னை அனுப்பினால் தானும் போவதாகச் சால்வோ சிவப்பு ஓட்டில் நின்று சொன்னார். முதல் கறுப்பின ஜனாதிபதியை அமெரிக்கா தெரிவுசெய்த அன்று, எங்களோடு வேலை செய்த கானா நாட்டுப் பொடியன் கோஃபி, கோட்டும் டையுமாக வந்தான். அப்ரனை அந்தக் கோட்டுக்கு மேல் கட்டிக்கொண்டே நாள் முழுவதும் கோப்பை கழுவினான்.

அதற்குப் பிந்திய ஒரு வசந்த காலத்தில், ஒரு காலை, குசினி வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. சிவப்பு ஓட்டுக்கு அப்பால் சரியாகக் கால் வைத்து நின்றவர் ஆஞ்சலா. தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் ஃப்ராங்க் ஊன்றுகோலோடு நின்றார். உல்லாசக் கப்பலில் வந்திருந்தார்கள், பின்னேரம் கப்பல் புறப்பட்டுவிடும்.

"சால்வோ," என்றார். "இப்ப கொண்டு வாங்கோ."

ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. அவரே சொன்னார். இடிபாட்டில் எடுத்ததையெல்லாம் அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வைத்து, வருஷக்கணக்காக ஒவ்வொன்றும் யாருடையது என்று பார்க்கிறார்களாம். போன மாரியில் தொலைபேசி வந்ததாம். ஒரு சின்ன எலும்புத் துண்டு. மைக்கேலுடையது. அடக்கம் செய்துவிட்டார்கள்.

சால்வோ என்னைக் கோழிக்கு அனுப்பினார். அன்று ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு தாமதமானது. நான் வேலை செய்த காலத்தில் அப்படி நடந்தது அது ஒருமுறைதான். ரசம் முடிந்து, முட்டை அவிந்து, தட்டமும் வெள்ளைத் துணியும் வந்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. எங்கே கொண்டுபோவது? கூன்சுலு சமைத்த இடத்தில் சாப்பிடுவது அல்ல, துக்கக்காரர் இருக்கிற இடத்துக்குப் போகவேண்டும். ஹோட்டலில் ஓர் அறைகூடக் காலியில்லை. கப்பலுக்குள் வெளிச்சாப்பாடு விடமாட்டார்கள். என் வீடு பல்லரோவுக்குப் பக்கத்தில்தான். ஆனால் அங்கே அம்மா இருந்தார். அந்தத் தட்டம் எங்கள் வாசலைத் தாண்ட அவர் விடமாட்டார். நான் சொல்லத் தொடங்க முன்பே ஆஞ்சலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார்.

கடைசியில் துறைமுகத்துக்கே போனோம். வெள்ளை மேலங்கியோடு சால்வோ, தட்டத்தோடு நான், பின்னால் அவர்கள். நேப்பிள்ஸ் போகும் படகு தெரிகிற ஒரு வாங்குப் பலகையில் அவர்கள் இருவரையும் இருத்தி, நடுவில் தட்டத்தை வைத்தோம். ஆஞ்சலா துணியைத் தூக்கினார். இந்த முறை எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரசத்தைக் குடித்தார். அழுதுகொண்டே முட்டை உரித்தார். பாணில் ஒரு துண்டு முறித்து என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. அவர் அதைத் திரும்பக் கோப்பையில் வைத்தார்.

"உன்ரை அம்மாவின்ரை அடுப்பு எரியுதோ?"

"ஓம், சினியோரா."

அப்போது எனக்கு என்ன இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். பொறாமை. ஒரு நாடு தன் பிள்ளையின் ஓர் எலும்புத் துண்டுக்குப் பெயர் தேடிப் பெயர் தேடி, தாயைக் கூப்பிட்டுக் கொடுக்கிறது. அந்த நாடு வேறு நாடுகளில் செய்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கேயும் எத்தனையோ தாய்மாருக்கு அந்தத் தொலைபேசி இன்னும் வரவில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் பொறாமையாகத்தான் இருந்தது. எங்களுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசிகூட வரவில்லை.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், நான் ஆஞ்சலாவைத் தொலைபேசியில் அழைப்பேன். பெருந்தொற்று வந்து நியூயோர்க்கில் ஆஸ்பத்திரி வாசல்களில் பிணம் ஏற்றும் குளிர்லொறிகள் நின்ற நாட்களில் மட்டும் கிழமைக்கு ஒருமுறை எடுத்தேன். அந்த நாட்களில்தான் ஃப்ராங்க் காலமானார். அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் சனம் புகுந்த அன்று, கொம்பு வைத்த ஒருவனைத் தொலைக்காட்சியில் கண்டுவிட்டு, "இதார், கூத்துக்காரனோ?" என்று அம்மா கேட்டார். அதை நான் சொன்னபோது ஆஞ்சலா வெகுநேரம் சிரித்தார். ஊரில் ஒரு புதைகுழியைத் தோண்டுகிறார்கள் என்று செய்தி வந்தபோது, எடுத்த பொருட்களின் படங்களைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பியுடையது என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இந்த வருஷம் தை மாதம் அம்மா போய்விட்டார். நித்திரையிலேயே போனார். முதல் நாள் மத்தியானமும் குமரனின் கோப்பையை மூடி வைத்திருந்தார். அன்றுதான் என் வீட்டு அடுப்பு முதன்முறையாக அணைந்தது.

மத்தியானம் கதவு மணி அடித்தது. சால்வோ நின்றார். எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். டாக்சிக்காரன் தட்டத்தைப் பிடித்திருக்க, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உள்ளே வந்து, தட்டத்தை மேசையில் வைத்து, துணியின் மேல் கையை வைத்தபடி கேட்டார்.

"இது அம்மாவுக்கு. தெரியும். தம்பிக்கும் சேத்தோ?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் துணியைத் தூக்கினேன். ரசத்தைக் குடித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் கத்தியிருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. ஒரு மண்டபம் எடுத்துச் செய்தோம். குருக்கள் வந்திருந்தார். பிண்டம் வைக்கும்போது, குடும்பத்தில் காலமானவர்களின் பெயர்களைக் கேட்டார். அம்மாவின் பெயர் சொன்னேன். அப்பாவின் பெயர், பாட்டன் பூட்டன் பெயர்கள் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லித் தண்ணீர் விடச் செய்தார். சால்வோ பின்வரிசைக் கதிரையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தார்.

"வேறை ஆரும் இருக்கினமோ?" என்று குருக்கள் கேட்டார்.

இனி மறிப்பதற்கு அம்மா இல்லை. நான் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். மனைவி மூக்கைத் துடைப்பது கேட்டது. என் கையில் தர்ப்பை இருந்தது, தண்ணீர் இருந்தது.

"இல்லை ஐயா" என்றேன். "தம்பி கடைக்குப் போனவன். இன்னும் வரேல்லை."

குருக்கள் யாழ்ப்பாணத்து மனிதர். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த மந்திரத்தைத் தொடங்கினார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்து ஆஞ்சலாவை அழைத்தேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. செத்தவர்களின் பெயர்களைக் குருக்கள் கேட்டதைச் சொன்னேன். எத்தனை பெயர் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. தம்பியின் பெயரைச் சொன்னாயா என்றுதான் கேட்டார். சொல்லவில்லை என்று இரண்டு தரம் உரக்கச் சொன்னேன்.

"அப்ப ஏன் என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றார். "போய் அடுப்பைப் பார்."

போகிற வழியில் பல்லரோவில் கத்தரிக்காய் வாங்கினேன்.